குழந்தைக்கு ஹெல்மெட் வாங்குவது எப்படி: தலையை அளப்பதிலிருந்து வண்டியில் உட்காரவைப்பது வரை

குழந்தைக்கு ஹெல்மெட் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது, "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே எடுத்துக்குங்கக்கா, மூணு வருசத்துக்கு வரும்" என்பதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். யூனிபார்மை அப்படித்தானே தைக்கிறோம், உள்ளே மடிப்பு விட்டு, அடுத்த வருஷம் பிரித்துக்கொள்ளலாம் என்று. ஆனால் ஹெல்மெட்டுக்கு இந்தக் கணக்கு கொஞ்சமும் ஆகாது. தொளதொளவென்று இருக்கும் ஹெல்மெட் விழுகிற நேரத்தில் தலையில் நிற்காது. முன்னால் சரிந்தால் கண்ணை மறைக்கும், பின்னால் சரிந்தால் நெற்றி வெளியே வந்துவிடும், வாரும் தளர்வாக இருந்தால் பிள்ளை ஒரு பக்கம் ஹெல்மெட் ஒரு பக்கம் என்று போய்விடும்.

இன்னொன்று, தலை நாம் நினைக்கிற வேகத்தில் வளர்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பாருங்கள். 2 வயது ஆண் குழந்தையின் தலைச் சுற்றளவு சராசரியாக 48.3 செ.மீ., அதே குழந்தைக்கு 5 வயதில் 50.7 செ.மீ. பெண் குழந்தைக்கு 47.2, பிறகு 49.9. மூன்று வருஷத்தில் இரண்டரை செ.மீ.தான் கூடுகிறது. கையும் காலும் வளர்வதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். அதனால் இன்றைக்குச் சரியாகப் பொருந்துகிற ஹெல்மெட்டை வாங்கினாலே அது கொஞ்ச காலம் வரும், பெரிதாக வாங்கி மிச்சம் பிடிக்க இதில் ஒன்றுமே இல்லை. கீழே சொல்லப் போகிற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை: இன்றைய தலைக்கு இன்றைய அளவு.

முதலில் வயது, அப்புறம்தான் கடை

எந்த வகை ஹெல்மெட் என்பது வயதை வைத்து முடிவாகிறது, இதில் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவுப்படி, 4 வயதுக்கு மேல் யார் டூவீலரில் போனாலும், ஓட்டினாலும் பின்னால் உட்கார்ந்தாலும், பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரத்தில் உள்ள ஹெல்மெட் போட்டிருக்க வேண்டும். மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் போகும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கெல்லாம் போலீஸ் கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். கேட்கிறார்களா இல்லையா என்பதா இங்கே பேச்சு?

9 மாதத்திலிருந்து 4 வயது வரை தனி விதி. 2022 பிப்ரவரி 15-ல் அறிவித்து, ஒரு வருஷம் அவகாசம் கொடுத்து, 2023 பிப்ரவரி 15 முதல் அமலுக்கு வந்தது. அதில் மூன்று விஷயம் இருக்கிறது. குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். குழந்தையின் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட் வேண்டும், இல்லையென்றால் வெளிநாட்டுத் தரம் பெற்ற சைக்கிள் ஹெல்மெட் போதும். வண்டி மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

இந்த வயதுக்கு ஏன் சைக்கிள் ஹெல்மெட்டையும் ஒத்துக்கொண்டார்கள் என்றால், எடை. பிறக்கும்போது குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான், பெரியவர்களுக்கு அது ஏழில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு. இரண்டு மூன்று வயதிலும் தலை பெரிதாகவும், அதைத் தாங்குகிற கழுத்து மெலிதாகவும்தான் இருக்கும். அதன் மேல் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரியவர்கள் ஹெல்மெட்டைக் கவிழ்த்தால், பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் கழுத்துதான் இழுபடும். குழந்தைகளுக்கான சைக்கிள் ஹெல்மெட் 200, 300 கிராம்தான் இருக்கும். ஆனால் 4 வயது தாண்டியதும் டூவீலருக்கு அது போதாது. அது சைக்கிள் வேகத்தில் விழுவதை மனத்தில் வைத்துச் செய்தது. 4 வயதுக்கு மேல் பிஐஎஸ் கொடுக்கும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள டூவீலர் ஹெல்மெட்தான், குழந்தைகள் அளவில்.

ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையா? டூவீலரே வேண்டாம். கழுத்து நன்றாக நிற்காத குழந்தைக்கு ஹெல்மெட் போடுவதும் ஆபத்து, போடாமல் கூட்டிப்போவதும் ஆபத்து. தடுப்பூசி போடப் போகும் நாளுக்கு ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது, கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தலையை அளப்பது

தையல்காரர் டேப் ஒன்று போதும். புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்தலையில் எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அந்த இடம் வழியாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். டேப் பின்னால் கீழே வழுக்கிவிடும், அதைக் கவனிக்க வேண்டும். செ.மீ.யில் படியுங்கள். இரண்டு மூன்று தடவை அளந்து, வந்ததில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி, அதை ஸ்கேலில் வைத்துப் பார்த்தாலும் சரிதான். ஹெல்மெட்டில் அளவு பெரும்பாலும் மில்லிமீட்டரில் இருக்கும். 540 என்று போட்டிருந்தால் 54 செ.மீ. பெரியவர்கள் மாடலில் மிகச் சிறியதே அந்த அளவில்தான் தொடங்கும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிது. "இருக்கறதிலயே சின்ன சைஸ் இதுதான்" என்று எடுத்துக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள், குழந்தைகளுக்கென்று வருகிற மாடலைக் கேளுங்கள்.

நம்ம ஊரில் இந்த அளவெடுப்பில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை: முடி. பெண் பிள்ளைக்கு இரட்டை ஜடை பின்னி, மடித்து, ரிப்பன் வைத்து காதுக்குப் பின்னால் கட்டிவிடுகிறோம். பள்ளியில் அதுதான் விதி. அந்த மடித்த ஜடையும் ரிப்பன் முடிச்சும் சரியாக ஹெல்மெட்டின் கீழ் விளிம்பு உட்காருகிற இடத்தில் இருக்கும். பிள்ளையை உட்காரவைத்து ஹெல்மெட்டை மாட்டிப் பாருங்கள்: முன்பக்கம் கீழே இறங்கும், பின்பக்கம் இரண்டு ஜடையும் அதைத் தூக்கிப் பிடிக்கும், நடுவில் ஒரு விரல் உள்ளே போகிற இடைவெளி இருக்கும். அப்படியே வார் மாட்டினால் பத்து நிமிடத்தில் "காது வலிக்குதும்மா" என்று கழற்றிவிடும். இதற்கு வழி, ஜடையைக் கழுத்தை ஒட்டித் தாழ்வாகப் பின்னி அப்படியே தொங்கவிட்டு, பள்ளி வாசலில் இறங்கிய பிறகு மடித்து ரிப்பன் கட்டுவது. இரண்டு நிமிட வேலை. சில அம்மாக்கள் ரிப்பனைப் பையில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். உச்சிக் குடுமியும், உயரமாகப் போட்ட கொண்டையும் ஹெல்மெட்டுக்குள் ஆகவே ஆகாது. பூ வைத்திருந்தால் அதையும் இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். ஜிமிக்கி, வளையம் மாதிரி தொங்குகிற கம்மல் பஞ்சில் மாட்டி இழுக்கும், வண்டிப் பயணத்துக்குச் சின்னத் தோடு போதும்.

மொட்டை போட்டாலும் இதே கதைதான். தீர்த்தமலைக்கோ குலதெய்வம் கோவிலுக்கோ போய் முடி இறக்கிவிட்டு வந்தால், முந்தின வாரம் வரை சரியாக இருந்த ஹெல்மெட் சுற்ற ஆரம்பிக்கும். அடர்த்தியான முடி இருந்த பிள்ளைக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். உள்ளே கழற்றி மாட்டும் பஞ்சு உள்ள மாடலாக இருந்தால் கொஞ்சம் தடித்த பஞ்சு கிடைக்கிறதா என்று அதே கம்பெனியில் கேட்கலாம். துண்டை மடித்து உள்ளே திணிப்பதெல்லாம் வேண்டாம். புது ஹெல்மெட் வாங்குவதாக இருந்தால் முடி ஓரளவு வளரட்டும், அப்புறம் அளவெடுங்கள்.

கடையில் என்ன பார்ப்பது

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அளவு எண் ஒன்றாக இருந்தாலும் தலையின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. சில பிள்ளைகளுக்கு முன்னும் பின்னும் நீண்ட தலை, சிலருக்கு உருண்டை. 52 என்று போட்ட இரண்டு கம்பெனி ஹெல்மெட்டில் ஒன்று நெற்றியை அழுத்தும், இன்னொன்று அப்படியே உட்காரும். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்ப வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், பொருந்தவில்லையென்றால் சோம்பல்படாமல் திருப்பி அனுப்புங்கள்.

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வரை நெடுஞ்சாலை ஓரத்தில் ஹெல்மெட்டைக் குவித்துவைத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். இருநூறு முந்நூறு ரூபாய், மேலே கார்ட்டூன் ஸ்டிக்கர், பிள்ளையும் அதைத்தான் கேட்கும். 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டவிரோதம். ஆனால் முத்திரை என்பது ஒரு ஸ்டிக்கர்தானே, அதை யாரும் அச்சடிக்கலாம். அதனால் ஸ்டிக்கரைப் பார்த்ததோடு நிற்காதீர்கள். உண்மையான முத்திரையில் ஐஎஸ்ஐ சின்னத்துக்கு மேலே ஐஎஸ் 4151 என்ற எண் இருக்கும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கி ஓர் உரிம எண் இருக்கும். போனில் பிஐஎஸ் கேர் என்ற ஆப்பை இறக்கி, உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எண்ணை அடித்தால் எந்தக் கம்பெனி, என்ன பொருள், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். ஹெல்மெட்டில் போட்டிருக்கும் கம்பெனி பெயரும் ஆப்பில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கடையில் நின்றபடியே செய்யலாம், கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

அடுத்து ஹெல்மெட்டைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள். துணி, பஞ்சு எல்லாம் சொகுசுக்கு. உயிரைக் காப்பது அதற்கும் பின்னால் இருக்கிற கெட்டியான தெர்மாகோல். துணியை ஓரத்தில் விலக்கினால் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெரியும். தலை போய் மோதும்போது அந்த தெர்மாகோல் நசுங்குகிறது, நசுங்குகிற அந்தக் கண நேரத்தில் அடியின் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. வெளி ஓட்டின் வேலை அடியை ஒரே புள்ளியில் இறக்காமல் பரப்பிவிடுவது, கல்லோ கம்பியோ உள்ளே குத்தாமல் தடுப்பது. மலிவு ஹெல்மெட்டில் ஓடு இருக்கும், துணி இருக்கும், நடுவில் வெறும் ஸ்பாஞ்சு இருக்கும். கட்டை விரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். விரல் நேராக ஓடு வரை இறங்கினால் அது தலைக்கு மாட்டும் விளையாட்டுச் சாமான், கீழே வைத்துவிடலாம். தெர்மாகோல் கெட்டியாக எதிர்த்து நிற்கும், நெற்றி, உச்சி, பின்தலை, பக்கவாட்டு என்று எல்லா இடத்திலும் இருக்கும்.

வேகம் குறைவாகத்தானே போகிறோம், பக்கத்துத் தெருதானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து எந்தப் பொருள் விழுந்தாலும் தரையைத் தொடும்போது மணிக்கு 19.5 கி.மீ. வேகம் இருக்கும். வண்டி நகரவே வேண்டாம், நின்ற இடத்தில் சாய்ந்தாலே பிள்ளையின் தலை கிட்டத்தட்ட இந்த வேகத்தில்தான் சிமெண்ட் தரையில் மோதும். ஐரோப்பாவின் சைக்கிள் ஹெல்மெட் தரமான ஈஎன் 1078-ல் சமதளத்தில் மோதவைக்கும் சோதனையும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான். டூவீலர் ஹெல்மெட் சரியாகப் போட்டால் எவ்வளவு பலன் என்பதை காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2008-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டிருக்கிறது: இறப்பு சுமார் 42 சதவீதமும், தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது.

முழு முகம் மூடும் ஹெல்மெட்டா, முகம் திறந்ததா? 4 வயது தாண்டிய பிள்ளை தாங்குகிற எடையில் கிடைத்தால் முழு முகம்தான் என் தேர்வு, தாடைக்கும் பல்லுக்கும் அதுதான் காவல். பிள்ளைக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தாலோ, எடையால் தலையைத் தொங்கப் போட்டாலோ, காதுகளை மூடும் திறந்த முக ஹெல்மெட்டை எடுங்கள். பாதி மண்டையை மட்டும் மூடுகிற தொப்பி மாதிரியானது எந்த வயதுக்கும் வேண்டாம்.

போட்டுப் பார்க்கும் சோதனை

ஹெல்மெட்டின் முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் இருக்க வேண்டும், இது குழந்தையின் விரல் இல்லை, உங்கள் விரல், அது தடித்ததாக இருந்தால் ஒன்றரை விரல். நெற்றி பாதி தெரிகிற மாதிரி பின்னால் தள்ளிப் போட்டிருந்தால், முகம் குப்புற விழும்போது மாட்டியும் பயனில்லை. வாரை இன்னும் மாட்டாதீர்கள். பிள்ளையைத் தலையை இடது வலது ஆட்டச் சொல்லுங்கள், மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும், தலை திரும்பி ஹெல்மெட் அங்கேயே நின்றால் அது பெரிது. நீங்கள் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சுழற்றும்போது நெற்றித் தோலும் கன்னமும் கூடவே நகர்ந்தால் சரியான அளவு. முழு முக ஹெல்மெட்டில் கன்னப் பஞ்சு கன்னத்தைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், பிள்ளை பேசும்போது கொஞ்சம் அழுத்துவது சகஜம், நாளடைவில் பஞ்சு சற்றுத் தளரும்.

இப்போது வார். தாடைக்கு அடியில் மாட்டிய பிறகு ஒரு விரல் உள்ளே போக வேண்டும், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. "ஆ" என்று வாயை நன்றாகத் திறக்கச் சொல்லுங்கள், ஹெல்மெட் லேசாகக் கீழே இழுபட்டால் இறுக்கம் சரி. கடைசியாக, முக்கியமான சோதனை: பின்தலைப் பக்கம் விளிம்பைப் பிடித்து மேல்நோக்கியும் முன்னாலும் தள்ளுங்கள். முன்னால் கழன்று வந்தால் வாங்கவே வாங்காதீர்கள், என்ன தள்ளுபடி கொடுத்தாலும்.

பக்கிள் மாட்டும்போது பிள்ளையின் கழுத்துத் தோல் இடையில் மாட்டிக் கிள்ளிவிடும். ஒரே ஒரு தடவை அப்படிக் கிள்ளிவிட்டால் போதும், அதற்கப்புறம் ஹெல்மெட்டைப் பார்த்தாலே பிள்ளை ஓடும். உங்கள் ஆள்காட்டி விரலைப் பக்கிளுக்கும் கழுத்துக்கும் நடுவில் கொடுத்துக்கொண்டு மாட்டுங்கள், விரலை எடுத்ததும் வாரை இழுத்துச் சரிசெய்யுங்கள். பக்கிளுக்குப் பின்னால் துணித் தகடு உள்ள மாடல் கிடைத்தால் நல்லது.

பத்துப் பதினைந்து நிமிடம் கடையிலேயே போட்டுக்கொண்டு இருக்கட்டும். கழற்றியதும் நெற்றியைப் பாருங்கள். லேசான சிவப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் பரவாயில்லை. ஒரு இடத்தில் மட்டும் அழுந்திய தடம் இருந்தால் அந்த மாடலின் வடிவம் இந்தத் தலைக்கு ஒத்துவரவில்லை. கண்ணாடி போடும் பிள்ளையா, ஹெல்மெட்டை முதலில் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பிறகு செருகிப் பாருங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. மார்கழி, தை மாதக் காலையில் குளிருக்குக் கம்பளிக் குல்லாவைப் போட்டு அதன் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்ப்பது அங்கே வழக்கம். குல்லா ஹெல்மெட்டைத் தூக்கிவிடும், வழுக்கவும் செய்யும். காதை மூடுகிற ஹெல்மெட்டே குளிரைத் தாங்கிக்கொள்ளும், கழுத்துக்கு மட்டும் பனியனுக்குள் செருகிய மெல்லிய துணி போதும். தொங்கும் மப்ளர் வேண்டாம், சக்கரத்தில் மாட்டினால் விபரீதம்.

பிள்ளை போட மறுத்தால்

வாங்கிய அன்றே வண்டியில் ஏற்றாதீர்கள். வீட்டில் விளையாட்டாக ஐந்து நிமிடம் போட்டு உட்காரட்டும், நீங்களும் பக்கத்தில் உங்கள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், தரம் பார்த்து நீங்கள் எடுத்துவைத்த இரண்டு மூன்றிலிருந்து. அப்பா தன் ஹெல்மெட்டை டேங்கின் மேல் வைத்துக்கொண்டு பிள்ளைக்கு மட்டும் மாட்டிவிட்டால் எந்தப் பிள்ளையும் கேட்காது. "இன்னைக்கு ஒரு நாள் பரவாயில்ல" என்று நீங்களே ஒரு நாள் விட்டுவிட்டால், மறுநாள் காலையில் அழுகைதான்.

சித்திரை வெயிலில் தருமபுரியில் வேர்வை ஊற்றும், பிள்ளை எரிச்சல்படுவது நியாயம். காற்றோட்டத் துளை உள்ள மாடலாக எடுங்கள், சிக்னலில் நிற்கும்போது முகக் கண்ணாடியைத் தூக்கிவிடுங்கள். தலையில் எண்ணெய் வழிய வாரிவிட்டு ஹெல்மெட் போட்டால் பஞ்சு முழுக்க எண்ணெய் ஊறி நாறும், ராத்திரி எண்ணெய் வைத்துக் காலையில் லேசாக வாரிக்கொள்ளலாம். பேன் தொற்றும் என்ற பயத்தில் சிலர் ஹெல்மெட்டே வேண்டாம் என்கிறார்கள். அண்ணன் ஹெல்மெட்டைத் தம்பிக்கும் மாமா பையனுக்கும் மாற்றி மாற்றிப் போடாமல் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வண்டியில் எங்கே, எப்படி

நல்ல ஹெல்மெட் போட்டுவிட்டு, பிள்ளையை ஸ்கூட்டரின் முன்னால் கால் வைக்கும் பலகையில் நிற்கவைத்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். சடன் பிரேக் போட்டால் அந்தப் பிள்ளையின் முகம் நேராக ஹேண்டில்பாரில் போய் மோதும், பின்னாலிருந்து உங்கள் எடையும் சேர்ந்து நசுக்கும். பெட்ரோல் டேங்கின் மேல் உட்காரவைப்பதும் இதேதான். பிள்ளையின் இடம் பின்னால்.

4 வயதுக்கு உட்பட்டால் பாதுகாப்புப் பட்டை கட்டாயம். குழந்தைக்கு ஒரு ஜாக்கெட் மாதிரி போட்டு, அதிலிருந்து வரும் வார்களை ஓட்டுபவர் தன் தோளில் மாட்டிக்கொள்வது. 30 கிலோ வரை தாங்கும்படி இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. வாங்கும்போது தையலை இழுத்துப் பாருங்கள், பக்கிளைத் திறந்து மூடிப் பாருங்கள். விதியில் 4 வயது வரை என்று இருந்தாலும், பின்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிற ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கும் பட்டை போடுவதுதான் நல்லது. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பும்போது பிள்ளை தூங்கும், தலை ஒரு பக்கம் தொங்கும், ஹெல்மெட்டின் எடையும் சேர்ந்து இழுக்கும். தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள், அல்லது அந்த மாதிரிப் பயணத்துக்குப் பஸ்ஸில் போங்கள். ஓட்டுபவரைத் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம் என்று சட்டம் சொல்கிறது, அப்பா அம்மா இரண்டு பிள்ளை என்று நான்கு பேராகப் போகும்போது எந்த ஹெல்மெட்டாலும் அதை ஈடுகட்ட முடியாது.

40 கி.மீ. வேகத்தில் 44-ம் எண் நெடுஞ்சாலையில் போவது லாரிகளுக்கு நடுவில் நடக்கிற காரியம் இல்லை. சர்வீஸ் ரோடு இருக்கும் இடங்களில் அதில் போங்கள், ஊர் வழியாகப் போகும் பழைய பாதை கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை. தொப்பூர் இறக்கத்தில் பிள்ளையை டூவீலரில் வைத்துக்கொண்டு இறங்கவே இறங்காதீர்கள். பிரேக் பிடிக்காத ஒரு லாரி பின்னால் வந்தால் அங்கே ஒதுங்க இடம் கிடையாது. ஒகேனக்கல் மலைப்பாதைக்கும் பஸ்தான் நல்லது.

சைக்கிளுக்கு

வீட்டுக்கு முன்னால் சைக்கிள் பழகும் பிள்ளைக்கு ஈஎன் 1078 என்று உள்ளே அச்சிட்ட சைக்கிள் ஹெல்மெட் வாங்குங்கள். பின்னால் திருகிச் சுற்றளவைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்கும், பக்க வார்கள் காதுக்குக் கீழே ஆங்கில வி எழுத்து மாதிரி சேர வேண்டும். மற்ற சோதனையெல்லாம் மேலே சொன்னதுதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சைக்கிளிலிருந்து இறங்கி ஊஞ்சலிலோ சறுக்கலிலோ மரத்திலோ ஏறுவதற்கு முன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டும். ஹெல்மெட் கம்பிகளுக்கு இடையில் சிக்கி, வார் கழுத்தை இறுக்கிப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள்.

பராமரிப்பும் மாற்றுவதும்

பஞ்சையும் வெளி ஓட்டையும் ஷாம்பு கலந்த தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தால் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், பெட்ரோல் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஓட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம். வண்டியின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிவைத்தால் உள்ளே தெர்மாகோலில் குழி விழும். பள்ளியில் விட்டதும் பிள்ளையின் ஹெல்மெட்டை வெயிலில் வண்டி மேல் வைக்காமல் கையோடு கொண்டுபோய்விடுங்கள், சாயங்காலம் திரும்பக் கொண்டுவர மறக்காமல் இருக்க அதை உங்கள் ஹெல்மெட்டோடு சேர்த்துவையுங்கள்.

ஒரு தடவை கீழே விழுந்து தலை அடிபட்டால் அந்த ஹெல்மெட்டின் வேலை முடிந்தது. வெளியில் கீறல் மட்டும்தான் தெரியும், உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும், நசுங்கியது திரும்ப எழாது. விழுந்த பிள்ளை மயக்கமாக இருந்தால் ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள், கழுத்து அசையாமல் வைத்து 108-க்கு அழையுங்கள். நன்றாக எழுந்து நடந்தாலும், அன்றைக்கோ மறுநாளோ வாந்தி, அடங்காத தலைவலி, வழக்கத்துக்கு மீறிய தூக்கம் இருந்தால் நேராகத் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், தைலம் தேய்த்துப் படுக்கவைக்காதீர்கள்.

அடிபடாத ஹெல்மெட்டையும் ஐந்து வருஷத்துக்குள் மாற்றிவிடுவது பொதுவான பரிந்துரை. குழந்தைக்கு அதற்கு முன்பே தலை வளர்ந்து இறுக்கம் வந்துவிடும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மேலே சொன்ன சோதனைகளைத் திரும்பச் செய்து பாருங்கள். சொந்தத்தில் யாராவது தங்கள் பிள்ளையின் பழைய ஹெல்மெட்டைக் கொடுத்தால், அது எப்போது வாங்கியது, எப்போதாவது விழுந்ததா என்று தயங்காமல் கேளுங்கள், தெரியாது என்றால் வேண்டாம். அடிபட்ட ஹெல்மெட்டை அப்படியே குப்பையில் போடாமல் வாரைக் கத்தரித்துவிட்டுப் போடுங்கள், நன்றாக இருக்கிறதே என்று யாராவது எடுத்துப்போய்த் தங்கள் பிள்ளைக்கு மாட்டிவிடுவார்கள்.